சூடு வருது

பலாபத்வலச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே றிஸ்மியாவுக்கு அந்த வாடை அடித்தது. தேங்காயெண்ணெய்தான். ஆனால் புது எண்ணெய் அல்ல. நாலைந்து நாள் திரும்பத் திரும்பக் காய்ந்து, கறுத்து, நுரை தள்ளுகிற எண்ணெய். பன்னிரண்டு வருஷமாகப் பொரிக்கிற சட்டியான தாச்சிக்கு முன்னால் நிற்கிறவளுக்கு அது தெரியாமல் போகுமா? கடை எங்கே என்று யாரிடமும் கேட்கவில்லை. மூக்குப் போன வழியிலேயே புருஷனையும் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் தலைநோன்பு. ரமழான் மாதம் முழுக்கப் பின்னேரச் சிற்றுண்டி பொரிக்க ஆள் வேண்டுமென்று கடை முதலாளி புஹாரி ஹாஜியார் றிஸ்மியாவின் ஊரான யட்டவத்த வரைக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். றிஸ்மியாவின் புருஷன் பஸ்லி பொரியல் வேலையில் கெட்டிக்காரன். அவன் கையில் சமோசா சீராகச் சிவக்கும். ஒரேயொரு குறை, ஆள் எப்போதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் மாதிரி நிற்பான். அந்த அவசரத்தில்தான் இரண்டு வருஷத்துக்கு முன், வேறொரு கடையில், கொதிக்கிற தாச்சியைத் தனியாகத் தூக்கப்போய் இடது கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வேகவைத்துக்கொண்டான். இருபத்தொரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் றிஸ்மியா. கட்டு மாற்றும்போது அவன் போட்ட சத்தம் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை. இன்னொரு தடவை அதைக் கேட்க அவளால் முடியாது. அதற்காகத்தான், அதுவரை வேறு கடைகளில் தனியாகப் பொரித்தவள், அவன் போகிற குசினிக்கெல்லாம் கூடவே வேலைக்கு வந்தாள்.

"வாங்க மகள், வாங்க!" ஹாஜியார் காசு மேசையிலிருந்து கூப்பிட்டது எதிர்ப்பக்க வாசனைத் திரவியத் தோட்டம் வரை கேட்டிருக்கும். பள்ளிவாசலில் ஒலிபெருக்கி பழுதானால் ஹாஜியாரைக் கூட்டிப்போனால் போதும் என்று ஊரில் கேலி செய்வார்கள். அவ்வளவு பெரிய குரல். பேசுவதற்கு முன் தொண்டையை ஒருமுறை கனைத்துக்கொள்ளாமல் அவருக்கு வார்த்தை வராது.

குசினி கடைக்குப் பின்னால் நீளமாகக் கிடந்தது. இந்தத் தலைப்பில் இரண்டு கேஸ் அடுப்பு. அந்தத் தலைப்பில் பின்கதவு, கதவுக்கு வெளியே பழைய எண்ணெய் ஊற்றுகிற பீப்பா. நடுவில் பதினைந்து எட்டு நடை. இடப்பக்கச் சுவரோடு பாத்திரம் கழுவும் தொட்டி. அந்தப் பக்கத்துச் சீமெந்து எந்நேரமும் ஈரம். தொட்டிக்கு மேலே, சுவரில், ஒரு மஞ்சள் கறை. சுண்ணாம்பு இரண்டு மூன்று தடவை அடித்தும் மேலே ஊறி வந்திருந்தது. ஐந்து விரலும் விரிந்த ஒரு கை.

"முந்தி வேலை செஞ்சவர்?" என்று கேட்டாள் றிஸ்மியா.

"அன்ஸாபா? கட்டாருக்குப் போய்ட்டார்."

தொட்டியடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த பெண்ணின் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மறுபடி கழுவத் தொடங்கியது.

அவள் பெயர் ஸைனம்பு. வயதில் மூத்தவள் என்பதால் றிஸ்மியா அவளைத் தாத்தா என்று கூப்பிட்டாள். மாத்தளைப் பக்கத்து முஸ்லிம்களுக்கு அக்கா என்றால் தாத்தாதான், அண்ணன் என்றால் நானா. வேலை இரண்டே நாளில் பழகிவிட்டது. பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு அடுப்பை மூட்டினால் ஆறு மணி வரை பொரியல். ஆறு மணிக்கு மேல் பெரிய அடுப்பு பிரியாணிச் சட்டிக்கு வேண்டும். தராவீஹ் தொழுதுவிட்டு வருகிறவர்களுக்கான பிரியாணி அது. ஆகவே பன்னிரண்டு லீட்டர் எண்ணெயோடு தாச்சியை இறக்கி, பின்கதவு வரை தூக்கிப்போய், பீப்பாவில் ஊற்றிவிட்டு வரவேண்டும். அதையும் நோன்பு திறக்கிற பாங்கு சொல்வதற்கு முன்னால் முடிக்கவேண்டும். காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத உடம்பு, கை நடுங்கும் நேரம், கொதிக்கிற எண்ணெய். இதைவிடப் பிசகான நேரம் நாளில் இல்லை.

"ஆறும் வரைக்கும் அப்படியே மூடி வெப்போம் ஹாஜியார். விடியப்பொறம் வடிச்சு எடுக்கலாம். சுடு எண்ணெயத் தூக்கிட்டு நடக்கவே கூடாது," என்றாள் றிஸ்மியா.

"அடுப்பு ரெண்டுதானே மகள்? பிரியாணிச் சட்டிய என் தலையிலயா வெக்கிற?"

பஸ்லி சிரித்தான். அவனுக்கு இதெல்லாம் சிரிப்பு. ஆனாலும் அவள் வாங்கிக் கொடுத்த றப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டான். அந்த மட்டில் அவள் கெட்டிக்காரி.

எந்தக் குசினியிலும் இருக்கிற வழக்கம் ஒன்று அங்கேயும் இருந்தது. சூடான சாமானைத் தூக்கி வருகிறவர் "சூடு வருது!" என்று குரல் கொடுக்கவேண்டும். முன்னால் இருக்கிறவர் திரும்பிப் பார்க்கக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது. இடப்பக்கம் ஒதுங்கவேண்டும். வருஷக்கணக்காக ஒதுங்கி ஒதுங்கிக் கடைசியில் புத்திக்குத் தெரிய முன்னமே கால் ஒதுங்கிவிடும்.

நாலாம் நோன்பன்று, ஆறு மணி தாண்டி, றிஸ்மியா குசினி நடுவில் நின்று தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பஸ்லி முகம் கழுவ வெளியே போயிருந்தான். பின்னால் ஹாஜியார் தொண்டையைக் கனைப்பது கேட்டது.

"சூடு வருது!"

அவள் ஒதுங்கினாள். கன்னத்தோடு உரசுகிற மாதிரி ஒரு வெக்கை கடந்து போனது. கூடவே தீய்ந்த எண்ணெய் வாடை. யாரென்று திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை.

முன்கடைக்குப் போய்ப் பார்த்தாள். மேசையில் கணக்கப்பிள்ளை மட்டும் இருந்தார். ஹாஜியார் அஸருக்குப் பள்ளிக்குப் போனவர் இன்னும் வரவில்லை என்றார்.

"வெறும் வயிறு. காது அடைச்சிருக்கும்," என்றான் பஸ்லி.

இருக்கலாம் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பொரியலை அரித்தெடுக்கும் கண்ணகப்பையைப் பிடித்திருக்கும்போதும் காது முதுகுப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள், காய்ந்த எண்ணெயில் ஒன்றும் போடாமல் நிற்கும்போதே அது சடசடவென்று பொரிந்தது. நாலைந்து சொட்டுத் தண்ணீர் விழுந்தால்தான் அப்படிப் பொரியும். கூரையைப் பார்த்தாள். ஓடு காய்ந்து கிடந்தது. மழை பெய்து ஒரு கிழமை. இன்னொரு நாள் காலையில், முதல் நாள் இரவே கழுவிக் கவிழ்த்து வைத்த தாச்சியைத் தொட்டவள் கையை உதறினாள். சுட்டது. மூட்டாத அடுப்புக்குப் பக்கத்தில், வெறும் தாச்சி, சுட்டது.

ஒன்பதாம் நோன்பன்று மறுபடி கனைப்பு. மறுபடி "சூடு வருது!" இந்தத் தடவை காலடியும் கேட்டது. வெறுங்கால், பாரம் தூக்கிய கால், பொத்துப் பொத்தென்று வைத்த கால். ஆறு எட்டு. ஏழாவது எட்டில் ஒரு வழுக்கல் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

சீமெந்துத் தரையில் எண்ணெய்த் தடம் பளபளத்தது. அடுப்படியில் தொடங்கி, நடுவில் வந்து, இடப்பக்கம் இழுபட்டு, சுவரோடு நின்றது. சுவரில் அந்தக் கை.

அந்தக் குசினியில் பஸ்லி போட்டது சப்பாத்து. பெண்கள் இருவரும் செருப்பு. வெறுங்காலோடு அங்கே யாரும் இல்லை.

றிஸ்மியா ஸைனம்புவைப் பார்த்தாள். ஸைனம்பு வலப்பக்கச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். வந்த நாளிலிருந்து அவள் அப்படித்தான் நடமாடுகிறாள் என்பது அப்போதுதான் றிஸ்மியாவுக்கு உறைத்தது.

"தாத்தா, உண்மையச் சொல்லுங்க."

ஸைனம்பு முன்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். குரலை இறக்கிக்கொண்டாள்.

"அன்ஸாப் நானா கட்டாருக்குப் போகல்ல மகள். மௌத்தாயிட்டார்."

"எப்ப?"

"போன வருஷம், இருபத்திமூணாம் நோம்பு. பாங்குக்கு அஞ்சு நிமிசம் இருக்கும். தாச்சியத் தூக்கிட்டு வாறார். அவருக்குச் செருப்பு போட்டா வழுக்கும்னு எப்பவும் வெறுங்கால்தான். அந்த நேரம் பாத்து ஹாஜியார் கஞ்சிச் சட்டியோட பின்னால வந்து குரல் குடுத்தார். சூடு வருதுன்னு."

ஸைனம்பு சொல்லி முடிக்க வேண்டியிருக்கவில்லை. றிஸ்மியாவுக்குக் கண்ணால் கண்ட மாதிரி விளங்கிவிட்டது. கையில் கொதிக்கிற எண்ணெய் இருந்தாலும் கால் பழக்கத்தில் ஒதுங்கியிருக்கும். இடப்பக்கம் ஈரம். சுவரைப் பிடிக்கக் கையை விட்டிருப்பார்.

"மூணு நாள் உயிரோட இருந்தார். நான் போய்ப் பாத்தேன். கண்ணத் தொறக்கல்ல. யாராச்சும் பேசினா மட்டும் கால் ஒதுங்கும். கட்டில்லயே ஒதுங்கும்."

றிஸ்மியாவின் கண் புருஷனைத் தேடியது. பயம் பாதி, மீதி அந்தக் கட்டிலை நினைத்து.

பஸ்லியிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை. நம்பாவிட்டாலும் பரவாயில்லை, ஊருக்குப் போய்விடுவோம் என்று கெஞ்சினாள்.

"நோம்புக்கு நடுவுல வேலைய விட்டுட்டுப் போனா நாளைக்கு எவன் கூப்பிடுவான்? இன்னும் மூணு கிழமதானே. சும்மா இரு புள்ள."

அவள் சும்மா இருக்கவில்லை. நாள் எண்ணினாள். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. ஒவ்வொரு பின்னேரமும் தாச்சி இறங்குகிற நேரத்தில் தரையைச் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்துத் துடைத்தாள். அவன் நடக்கும்போது முன்னாலேயே நடந்தாள். குரல் வரவில்லை. வராதது அவளை இன்னும் கலக்கியது.

இருபத்திமூன்றாம் நோன்பன்று ஒரு காரியம் செய்தாள். வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே அடுப்பை மூட்டி, நாலரைக்கெல்லாம் பொரியலை முடித்து, அடுப்பை அணைத்து, தாச்சியை மூடினாள். ஆறு மணிக்குள் எண்ணெய் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். பிறகு யார் வழுக்கினாலும் உடுப்புத்தான் போகும். மூன்று கிழமைக்குப் பிறகு அன்றுதான் அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

ஐந்தரைக்கு அவள் உள்ளறையில் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது கடை வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. தம்புள்ளைப் பக்கமிருந்து வருகிறவர்கள், நாற்பது பேர், எல்லோரும் நோன்பாளிகள். திரும்பி வந்து பார்க்கையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மூடி தரையில் கிடந்தது. பஸ்லி சமோசாவைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தான்.

"யாரு மூட்டினது?"

"ஹாஜியார். நாப்பது பேர் புள்ள! நோம்பாளிங்கள வெறும் வயித்தோட அனுப்பவா?"

எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது.

ஆறு பத்து. பிரியாணிச் சட்டி தரையில் காத்திருந்தது. பஸ்லி இரண்டு சாக்குத் துண்டால் தாச்சியின் காதுகளைப் பிடித்தான்.

"வேணாங்க. இன்னைக்கு மட்டும் வேணாம். அப்படியே கெடக்கட்டும்."

"ரெண்டு நிமிசம்."

தூக்கிவிட்டான்.

தூக்கியவனைத் தொடவும் முடியாது, தடுக்கவும் முடியாது. றிஸ்மியா அவனுக்கு முன்னால் போய், அவனைப் பார்த்தபடியே, பின்பக்கமாக நடந்தாள். ஸைனம்பு வலப்பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பின்கதவு சாத்தியிருப்பது தெரிந்து, கடையைச் சுற்றி வந்த ஹாஜியார் அதை வெளியிலிருந்து திறந்துவிட்டார். பீப்பாவின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

ஒரு எட்டு. இரண்டு. தாச்சிக்குள் எண்ணெய் அலைந்தது.

மூன்று. நான்கு.

பஸ்லியின் முதுகுக்குப் பின்னால், ஒருவரும் இல்லாத அடுப்படியில், யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

றிஸ்மியா திரும்பி வாசற்படியைப் பார்த்தாள். ஹாஜியார் அங்கேதான் நின்றார். வாய் மூடியிருந்தது. கண் மட்டும் பிதுங்கியிருந்தது.

"சூடு வருது!"

ஹாஜியாரின் குரல். ஹாஜியாரே கேட்டு நடுங்குகிற, ஹாஜியாரின் குரல்.

வாசற்படியில் ஹாஜியாரின் கால் தானாக ஒதுங்கியது. பஸ்லியின் இடது கால் தரையை விட்டு எழும்பியது.

"அசையாதீங்க!"

அவ்வளவு சத்தம் தன் தொண்டையில் இருக்கிறதென்று றிஸ்மியாவுக்கே தெரியாது. மேலே தொங்கிய கரண்டிகள் அதிர்ந்தன. பஸ்லி நின்றான். ஒரு கால் பாதி தூக்கியபடி, இரு கையும் விறைத்து, மூச்சுவிடாமல் நின்றான். தாச்சியின் விளிம்பு வரை ஏறிய எண்ணெய் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் மறுபடி உள்ளே இறங்கியது.

வெக்கை அவர்களைக் கடந்து போனது. வெறுங்கால் சத்தம் இடப்பக்கம் வழுக்கியது. சுவரில், சுண்ணாம்புக்கு மேல், அந்தக் கை புதிதாக ஈரம் பிடித்தது.

"மெதுவா. கீழ வைங்க. மெதுவா."

பஸ்லி தாச்சியைத் தரையில் வைத்தான். வைத்த பிறகுதான் அழுதான். அவள் அவனுடைய இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பழைய தழும்பைத் தவிர ஒன்றும் இல்லை. ஹாஜியார் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பீப்பாவின் மூடி கையிலிருந்து உருண்டு முற்றத்துக்குப் போனது.

"நான்தான் கத்தினேன். போன வருஷம் அன்ஸாப் கையில சூடு இருக்கிறதப் பாத்துக்கிட்டேதான் கத்தினேன். பாங்குக்கு நேரமாச்சேன்னு," என்றார். அந்தப் பெரிய குரல் அன்று பக்கத்தில் இருந்தவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

மறுநாள் பிரியாணியைப் பகலிலேயே சமைத்து இறக்கச் சொல்லிவிட்டார் ஹாஜியார். ஆறு மணிக்குப் பொரியலை நிறுத்தி, அடுப்பை அவரே அணைத்து, தாச்சியை அவரே மூடினார். விடியும் வரை ஒருவரும் தொடக்கூடாது என்றார். அன்ஸாபின் பெயரில் யாஸீன் ஓதவும் ஏற்பாடு செய்திருந்தார். நோன்பு திறக்க முன்கடைக்குப் போகாமல் குசினிக்கே வந்து, ஸைனம்புவின் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்தார். பஸ்லி பின்கதவோரம் உட்கார்ந்தான். றிஸ்மியா அடுப்படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குசினி நடுவில் உட்கார்ந்தாள். முதுகைக் காட்டி உட்காரும் அளவுக்கு அன்று அவளுக்குத் தைரியம் வந்திருந்தது. கஞ்சிக் கோப்பையிலிருந்து ஆவி பறந்தது. பாங்குக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. எல்லோர் கையிலும் ஒரு பேரீச்சம்பழம்.

கனைப்பு கேட்டது.

ஹாஜியார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சூடு வருது!"

வெறுங்கால் வரத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. யாரும் சூட்டைத் தூக்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று றிஸ்மியா தனக்குள் சொல்லிக்கொண்டாள். நான்கு. ஐந்து. ஆறு. இனி அந்த வழுக்கல் சத்தம். அதோடு முடிந்துவிடும்.

"அசையாதீங்க!"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் வாயைத் திறக்கவில்லை. அது அவளுடைய குரல்தான். நேற்று அவள் கத்திய அதே கத்தல், அதே நடுக்கம். சுவர்ப் பக்கத்திலிருந்து வந்தது.

வழுக்கல் சத்தம் வரவில்லை.

கடைசிக் காலடி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டது. பிடரியில் வெக்கை அடித்தது. அடித்துவிட்டுப் போகவில்லை, அப்படியே இருந்தது. எதிரில் இருந்த பஸ்லி அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே, ஒரு ஆள் உயரத்தில், எதையோ பார்த்தான். அவன் உதடு ஸலவாத்தை முணுமுணுத்தது.

பள்ளியில் பாங்கு தொடங்கியது. ஒருவரும் பழத்தை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

றிஸ்மியா தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் தரைக்கு இறக்கினாள். அவள் உட்கார்ந்திருந்த பலகையின் ஓரத்தில் இரண்டு பாதங்களின் எண்ணெய்த் தடம். இழுபடவில்லை. பக்கத்தில் பக்கத்தில், ஒழுங்காக, விரல்கள் அவளை நோக்கியபடி.

அவள் தோளை ஒட்டி ஒரு சொட்டு எண்ணெய் விழுந்து, சீமெந்தில் பொரிந்தது.

அசையாதீங்க என்று சொன்னவள் அவள்தான். அன்ஸாப் நானா அசையவில்லை.